காருக்கு ஒரு சட்டி களிமண்

தம்பி,

கார் சத்தம் நின்றுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு போனைத் தேடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். நீ மாட்டிவிட்டுப் போன ஹெடர் புகைக்குழாய் இன்னும் இடிக்கிறதா என்பது ஒன்று. பத்து மா நிலத்தை உன் பேருக்கு எழுதித் தர நான் ஏன் இழுத்தடிக்கிறேன் என்பது இன்னொன்று. "சீர்காழில பொண்ணு வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்கப்பா. உங்களுக்கு என்னதான் கொழப்பம்?" என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் கார் ஓட்டிய எனக்கு அந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன். எழுதும்போதும் குழப்பமாகத்தான் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காரைப் பேசுவோம், அது எனக்குத் தெரிந்த விஷயம். பொங்கலுக்கு வந்த நீ ஒரு கரும்பைக்கூடக் கடிக்காமல் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். சென்னையிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த நாலு குழாயை விரித்துக் காட்டி, "பழசுல நாலு சிலிண்டர் புகையும் ஒரே எடத்துல முட்டிக்குதுப்பா. இதுல தனித்தனியா வந்து கடைசிலதான் சேரும். இஞ்சின் லேசா மூச்சு விடும்" என்றாய். புகை தனித்தனியாகப் போனால் என்ன, கும்பலாகப் போனால் என்ன, கடைசியில் காற்றில்தானே கலக்கிறது என்று நான் நினைத்தேன். கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா? பழைய இரும்பு மேனிபோல்டைக் கழற்றி வைத்தாய், புதுசை மாட்டினாய். ஸ்டார்ட் செய்ததும் தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. வாசலை விட்டு வெளியே எடுத்தாய், கீழே 'டங்' என்றது.

அப்புறம் உன் லீவு முழுக்க அந்த டங்குடனேயே போயிற்று. குனிந்து பார்த்தால் குழாய்க்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. "கேப் இருக்கே, எங்க இடிக்குது?" என்று நீ என்னைக் கேட்டாய், நான் உன்னைக் கேட்டேன். பட்டறையில் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி ஒரு குழாயில் பள்ளம் தட்டினாய். இஞ்சினை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் வாஷர் கொடுத்தாய். சத்தம் கொஞ்சம் இடம் மாறியதே ஒழியப் போகவில்லை. லீவு முடிந்துவிட்டது. "வைகாசில பொண்ண இந்தக் கார்லதான் அழச்சிக்கிட்டு வரணும், நீங்க பாத்துக்கங்கப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நிற்கும்போது சரியாக இருக்கிற ஒன்று ஓடும்போது எப்படி இடிக்கும் என்று நான் ஒரு வாரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உன் அம்மா, "சாமியா அது, பிரதட்சணம் பண்றீங்க?" என்று கேட்டாள்.

ஓடுகிற காருக்கு அடியில் படுத்துப் பார்க்க முடியாது. ஆனால் சந்தில் ஈரக் களிமண்ணை அப்பிவிட்டு ஒரு நடை ஓட்டி வந்தால், எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கேதான் இடி. நான் லாரியில் கிளீனராக இருந்த நாளில் பார்த்த வேலை இது. அதைச் செய்வதிலும் கோட்டை விட்டேன், சிரிக்காதே. பக்கத்தில் இருக்கிறதே என்று ஆற்றங்கரை வண்டலை எடுத்து அப்பினேன். பாலம் வரை போய்த் திரும்ப வேண்டியவன், உன் அம்மா புடவை பார்க்கணும் என்றதும் அவளை ஏற்றிக்கொண்டு மயிலாடுதுறைக்கே போய்விட்டேன். போகிற வழியிலேயே குழாய்ச் சூட்டில் மண் வெந்து செங்கல்லாகிவிட்டது. பாதி உதிர்ந்து ரோட்டில் விழுந்தது, மீதி அங்கேயே இருந்துகொண்டு தன் பங்குக்கு இடித்தது. கடைத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "கல்யாணக் காரா இது, ஐஸ் வண்டியா?" என்றாள் உன் அம்மா. மண்ணைச் சுட்டால் செங்கல் என்பது நம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

வண்டல் உதவாது, நல்ல பசையுள்ள களிமண் வேண்டும். அப்படிப்பட்ட மண் கிட்டத்தில் இருப்பது நம் பத்து மாவில்தான். நடந்தால் கால் மணி நேரம். ஆனால் அங்கே போகலாமா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். சொந்த நிலத்தில் ஒரு சட்டி மண் எடுக்க ஒருவன் இரண்டு நாள் யோசிப்பானா என்று நீ கேட்பாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் அறுப்புக்கு அறுப்பு வாசலில் வந்து இறங்கும் நெல் மூட்டைதான். அந்த நிலம் எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உன் அம்மாவுக்கே இதில் பாதிதான் தெரியும்.

எனக்கு இருபத்து மூன்று வயது, பண்ணை முதலாளியிடம் டிரைவர். அதே கார்தான், அப்போது புதுசு. கறுப்பு சிவப்புக் கரை வேட்டிகள் ஊரில் பெருகியிருந்த காலம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்று சர்க்கார் சட்டம் போட்டது. மிச்சத்தை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றார்கள். முதலாளிகள் சும்மா இருப்பார்களா? சமையல்காரர் பேரில் கொஞ்சம், கணக்கப்பிள்ளை மச்சான் பேரில் கொஞ்சம் என்று பிரித்து எழுதினார்கள். பத்து மா, சர்க்கார் கணக்கில் மூன்று ஏக்கர் சொச்சம், என் பேருக்கு வந்தது. எனக்கு யாரும் விளக்கவில்லை. "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்றார்கள். காருக்கு டயர் வாங்கிய ரசீதில் போடுவது போலப் போட்டேன். அதற்குப் பேர் பினாமி என்பதே சிவப்புக் கொடிக்காரர்கள் மனுப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பத்து மாவில் உழுதுகொண்டிருந்தவன் கோவிந்தன். என் வயதுக்காரன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவனும் நானும் ஒரே மதகுக்குக் கீழே கெண்டை பிடித்து வளர்ந்தவர்கள். நான் எட்டாவது படித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தேன். அவன் தன் அப்பாவைப் போலவே அந்த நிலத்தில் கூலிக்கு நின்றான். பினாமி என்று முடிவானால் நிலம் அவனுக்குக் கிடைக்கும் என்ற பேச்சு இருந்தது. தாலுகா ஆபீசில் விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தான். நான் கார் துடைத்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு நீ உள்ளத உள்ளபடி சொன்னா போதும்டா. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றான். நான் "பாப்பம்" என்றேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான். நான் எதை நினைத்து அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் முதலாளியைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு போகிறேன். அவர் வழி நெடுகப் பாடம் நடத்தினார். "நெலம் யாருதுன்னு கேட்டா?" "என் நெலங்க." "சத்தமா சொல்லு பாப்பம்." "என் நெலங்க." பத்துத் தடவை சொன்னதும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. விசாரணையில் அதிகாரி கேட்டார், சொன்னேன். எத்தனை மா என்றார், சொன்னேன். "நாலு எல்லை சொல்லு" என்றார். அதை முதலாளி சொல்லித்தரவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. நான் அந்த வயலில் கால் வைத்ததே கிடையாது. கூட்டத்தில் நின்ற கோவிந்தனுக்குப் பொறுக்கவில்லை. "வடக்கே வாய்க்காங்க! கெழக்கே கோயில் நெலம், தெக்கே வண்டிப்பாத, மேக்கே மூங்கக் கொல்ல. இதுகூடத் தெரியாதவனுக்கு அது எப்படிங்க சொந்தம்?" என்று கத்தினான். "உன்னக் கேக்கல, நீ இரு" என்றார் அதிகாரி. ஆனால் குமாஸ்தா அதற்குள் நாலையும் எழுதிவிட்டார். என்னைப் பார்த்து, "அப்படித்தானாப்பா?" என்றார். நான் "ஆமாங்க" என்றேன்.

முடிந்துவிட்டது. நிலம் என்னுடையது என்று ஆயிற்று. திரும்பும்போது முதலாளி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "நல்ல வேள, எல்லைய அவனே எடுத்துக் குடுத்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், தம்பி. பொய் சொன்னதைக்கூட வயசு, பயம், வேலை போய்விடும் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இன்றுவரை ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. ரோட்டோரமாக வேகுவேகென்று நடந்துபோய்க்கொண்டிருந்த கோவிந்தனைத் தாண்டித்தான் காரை ஓட்டினேன். ஹாரன்கூட அடித்தேன்.

அதற்கப்புறம் கோவிந்தன் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த நிலத்தை விடவும் இல்லை, அதையே குத்தகைக்கு உழுதான். நெல் என் வாசலுக்கு வரும், நான் பண்ணைக்கு அனுப்புவேன். முதலாளி காலமானதும் அவர் பிள்ளைகள் மற்றதையெல்லாம் விற்றுவிட்டுப் பெங்களூர் போனார்கள். போகிற அன்று மூத்த பிள்ளை, "காரும் அந்தப் பத்து மாவும் நீயே வச்சிக்க. இதுக்காக யாரு இங்க வந்து அலையறது?" என்றார். கொடுத்தாரா, போட்டுவிட்டுப் போனாரா? எனக்குப் புரியவில்லை. அடுத்த மார்கழியில் கோவிந்தன் காய்ச்சலில் போய்விட்டான். எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தேன். அவன் சம்சாரம் செல்லம்மா உழவை நிறுத்தவில்லை, நெல் அனுப்புவதையும் நிறுத்தவில்லை. இனி அனுப்ப வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது உனக்கு நாலு வயது. நான் சாப்பிட்டேன், உனக்கும் ஊட்டினேன். ருசியாகத்தான் இருந்தது.

இப்போது களிமண்ணுக்கு வருவோம். மூன்றாம் நாள் காலையில் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அறுப்பு முடிந்து உளுந்து விதைத்திருக்கிறாள், முழங்கால் உயரத்துக்குப் பச்சை. செல்லம்மா வரப்பில் நின்று ஆடு விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "என்ன டிரைவரே, சட்டியத் தூக்கிக்கிட்டு?" என்றாள். "கொஞ்சம் களிமண்ணு வேணும் செல்லம்மா. காருக்கு" என்றேன். "காருக்கு மண்ணா!" என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கட்டுமா?" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "பட்டா ஒங்க பேர்ல இருக்கு. என்னக் கேக்குறீங்க?" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, தம்பி. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

எங்கே எடுப்பதென்று தெரியாமல் காலடியிலேயே குனிந்தேன். "அங்க எடுக்காதீங்க, அது மேட்டு மண்ணு, உதிர்ந்துரும். வடக்கால வாங்க, வாய்க்கா ஓரத்துலதான் பச" என்று முன்னால் நடந்தாள். வடக்கால வாய்க்கா என்று அவள் வாயால் கேட்டதும் தாலுகா ஆபீசில் கோவிந்தன் கத்தியது நினைவுக்கு வந்தது. நான் பின்னாலேயே போனேன். பட்டாக்காரன் முப்பது வருஷம் கழித்துத் தன் வடக்கெல்லையைப் பார்க்கப் போகிறான். உளுந்துச் செடி ஒன்றுகூடச் சாயாமல், கையாலேயே தோண்டி, வேரைப் பொறுக்கிப் போட்டு, சட்டி நிறைய வைத்துக் கொடுத்தாள். என் மகனுக்கு வைகாசியில் கல்யாணம் என்றேன். "தெரியும். சட்டி கனக்குது, இடுப்புல வச்சிக்கங்க" என்றாள். கொஞ்ச தூரம் வந்த பிறகு, "கார்ல சத்தம் நின்னுட்டா சொல்லுங்க டிரைவரே, ஒரு நாளு ஏறிப் பாக்குறேன்" என்று பின்னாலிருந்து கத்தினாள். கேலியா, ஆசையா? அதுவும் எனக்குப் புரியவில்லை.

அந்த மண்ணை மூன்று இடத்தில் அப்பி, இந்தத் தடவை ஒழுங்காகப் பாலம் வரை மட்டும் போய்த் திரும்பினேன். இரண்டு இடத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. வலதுபக்கச் சட்டத்தில் அப்பியது மட்டும் அப்பளமாக நசுங்கி, குழாயின் உருண்டை அப்படியே பதிந்திருந்தது. குற்றம் உன் குழாயில் இல்லை. இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் அந்தப் பக்கம் எண்ணெய் குடித்துக் குடித்து ஊறி இற்றுப்போயிருக்கிறது. நிற்கும்போது இஞ்சின் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். கிளச்சை விட்டு இழுவை கொடுத்ததும் அந்தப் பக்கம் சரியும். பழைய மேனிபோல்டு சட்டத்தைவிட்டுத் தள்ளி இருந்ததால் அந்தச் சாய்வு நமக்கு இத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கிறது. நிறுத்தி வைத்து இரண்டு விரல் விட்டுப் பார்த்து இடைவெளி இருக்கிறது என்று அப்பனும் பிள்ளையும் சத்தியம் செய்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் புது ரப்பர் மாட்டினேன். நீ கொடுத்த வாஷரை எடுத்துவிட்டேன். சைலென்சரைத் தொங்கவிடும் ரப்பரையும் மாற்றினேன். மாப்பிள்ளை, பெண், தோழி என்று பின்னால் ஏறுவீர்களே என்று நாலு மூட்டை நெல்லை ஏற்றி மதகு மேட்டில் ஏறி இறங்கினேன். எங்கும் இடிக்கவில்லை. ஏற்றியது செல்லம்மா அனுப்பிய மூட்டைதான், வீட்டில் வேறு ஏது?

சத்தம் நின்ற காரை வாசலில் நிறுத்திவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அப்போது தோன்றியதைத்தான் இப்போது எழுதுகிறேன். பத்து மாவை உன் பேருக்கு எழுத என்னால் முடியவில்லை. செல்லம்மா பேருக்கு எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், குழப்பம் தீர்ந்து சொல்லவில்லை. உன் அம்மா, "நாமளா கேட்டு வாங்குனோம்? அவங்களா குடுத்தாங்க. பெத்த புள்ளைக்கு இல்லாம வேற யாருக்கு?" என்கிறாள். அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. சீர்காழிக்காரர்கள் நமக்கு நிலம் இருக்கிறது என்று நம்பித்தான் பெண் கொடுக்கிறார்கள். இல்லை என்றால் என்ன ஆகும்? என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக உன் கல்யாணத்தை நான் பணயம் வைக்கிறேனா? கோவிந்தனுக்குச் செய்கிறேனா, எனக்கே செய்துகொள்கிறேனா? யோசிக்க யோசிக்க இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஒன்று மட்டும் நிச்சயம். நான் ஒரு பொய்யைச் சொத்து என்று உன் கையில் கொடுத்தால், நாளைக்கு யாராவது நாலு எல்லை கேட்கும்போது நீயும் என்னைப் போல விழிப்பாய்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை இவ்வளவு பக்கம் எழுதி நானே நிரூபித்துவிட்டேன். ஆனாலும் அப்பன் ஆயிற்றே, ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் தாலி ஏறுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடு. நான் வந்து சொல்ல வேண்டுமென்றால் வருகிறேன், அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் என்னோடு சண்டை போடு, வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல். என்னைப் போல "பாப்பம்" என்று மட்டும் சொல்லாதே.

எப்படியும் பங்குனி முடிவதற்குள் ஒரு நாள் லீவு போட்டு வா. செல்லம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நீ வந்த பிறகு இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லலாம். கார் சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லிக் கூப்பிட்டால் ஏறுவாள். முதலாளி உட்கார்ந்த அதே பின்சீட்டில் அவள் உட்காரட்டும், நீ ஓட்டு, நான் உன் பக்கத்தில் இருக்கிறேன். நீயும் சரி என்றால் அப்படியே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவோம், அங்கே நாலு எல்லை கேட்பார்கள். அவளே சொல்லட்டும். அப்படித்தானா என்று என்னைப் பார்த்துக் கேட்டால், நான் "ஆமாங்க" என்கிறேன்.

அப்பா